யூலியஸ் வைஸ்பாக்

மணமேல்குடி போன்ற ஊர்களில், மேனிலைத் தொட்டியினின்று புறப்படும் நீர் தெருக்கோடிக் குழாயில் விசை குன்றிச் சொட்டுவதுண்டு. வழியில் இழந்த விசை எவ்வளவு எனக் கணக்கிட வழிகாட்டியவர்களுள் யூலியஸ் வைஸ்பாக் தலைசிறந்தவர்.

ஜெர்மானியச் சாக்சனியில் 1806-ஆம் ஆண்டு சுரங்கக் கண்காணி ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த இவர், பிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார்.

நேரான குழாயின் உராய்வை மட்டும் கருதினால் கணக்குப் பொய்க்கும். வளைவும் வால்வும் தத்தம் பங்கைப் பறித்துக்கொள்ளும். வைஸ்பாக் நீரைச் செலுத்தி அவ்விழப்புகளை அளந்தார். வால்வுகளைப் பற்றிய ஆய்வை 1842-இல் வெளியிட்டார். முழுதும் திறந்த வால்வினும் பெரும்பகுதி மூடிய வால்வு பன்மடங்கு விழுங்கும். நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால் இழப்பு ஏறத்தாழ நான்மடங்காகும். இவற்றையெல்லாம் கூட்டியன்றோ தொட்டியின் உயரத்தை வகுத்தல் வேண்டும்! உயரம் குறையின் கோடித் தெரு வறளும்.

வைஸ்பாக் 1871-இல் பிரைபெர்க்கிலேயே மறைந்தார்.