ரேனால்ட் ஜான்சன்

ரேனால்ட் பி. ஜான்சன் (ஜூலை 16, 1906 – செப்டம்பர் 15, 1998) அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் பொறியியலாளரும் ஆவார். ஐபிஎம் நிறுவனத்தில் இவர் தலைமையேற்ற குழு 1956 ஆம் ஆண்டில் உலகின் முதல் வணிகமுறை வன்தட்டை வெளியிட்டது. இதனால் இவர் வன்தட்டின் தந்தை எனப்படுகிறார்.

இளமையும் ஆசிரியப் பணியும்

சுவீடனிலிருந்து மினசோட்டாவில் குடியேறிய குடும்பத்தில் பிறந்த இவர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1929 இல் பட்டம் பெற்றார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவர் இடும் பென்சில் குறிகள் மின்சாரத்தைக் கடத்துவதைப் பயன்படுத்தி, விடைத்தாள்களுக்கு மதிப்பெண் கணக்கிடும் பொறியொன்றை அமைத்தார். இதையடுத்து 1934 இல் ஐபிஎம் இவரைப் பணியில் சேர்த்துக் கொண்டது.

வன்தட்டு

1952 இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் புதிய ஆய்வகம் ஒன்றைத் தொடங்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் தரவுகள் துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் சேமிக்கப்பட்டன. நாடாவின் நடுவிலுள்ள ஒரு பதிவைப் படிக்க அதற்கு முன்னுள்ள பகுதி முழுவதையும் கடக்க வேண்டியிருந்தது. வேண்டிய பதிவை நேரடியாக எட்டுவதே இவரது குழுவின் நோக்கம்.

ராமாக் கணினியின் பகுதியாக வெளிவந்த ஐபிஎம் 350 வன்தட்டில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. அதன் கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். படிக்கும் முனையைத் தாங்கிய கை, தட்டடுக்கின் பக்கவாட்டில் மேலும் கீழும் நகர்ந்து உரிய தட்டினுள் நுழையும். ஒரு பதிவை எட்ட சராசரியாக 0.6 நொடி ஆனது.

தேடல் நேரமும் வட்டு அணிகளும்

கை நகர்வதற்காகும் இந்தத் தேடல் நேரம் பின்னர் பெரிதும் குறைந்தது. ஆயினும் சுழலும் தட்டுகளில் அது முற்றிலும் நீங்கவில்லை. பல வன்தட்டுகளை இணைத்த வட்டு அணி கொண்ட கோப்பு வழங்கிகளில் அமைப்புகளைச் சீர்செய்யும் தேவைக்கு இதுவே முதன்மைக் காரணம். தரவு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு வட்டுகளில் பரப்பப்படுகிறது. துண்டு மிகச் சிறிதானால் ஒரு சிறு கோப்பைப் படிக்கவும் பல வட்டுகளின் கைகள் நகர வேண்டும். துண்டு மிகப் பெரிதானால் பெரிய கோப்பொன்றைப் படிக்கும்போது பல வட்டுகள் ஒருங்கே இயங்கும் பயன் குறையும். கோப்பு முறைமையின் தொகுதிகள் துண்டுகளின் எல்லையோடு பொருந்தாவிடில், ஒரே வட்டில் முடிய வேண்டிய வேலை இரு வட்டுகளுக்குப் பரவும். ஆகவே அனைத்துப் பணிக்கும் பொருந்தும் ஒரே அளவு இல்லை. கோப்புகளின் தன்மையறிந்தே அளவைத் தேர்தல் வேண்டும்.

இறுதிக் காலமும் சிறப்புகளும்

ஜான்சன் 1971 இல் ஓய்வு பெற்றார். இவர் பெயரில் 90க்கும் மேற்பட்ட காப்புரிமங்கள் உள்ளன. 1986 இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் தமது 92 ஆம் அகவையில் காலமானார். தகவல் சேமிப்புத் துறைக்கென இவர் பெயரில் நிறுவப்பட்ட விருது, 1999 இல் ரெய்டு எனும் வட்டு அணி முறையை உருவாக்கிய டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகியோருக்கு வழங்கப்பட்டது.