ஒரு கையெழுத்தின் விலை

(மூன்றாம் ஆண்டு, அரசியல் அறிவியல்)

ஒருநாள் வகுப்பில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தார். நீண்ட கழுத்து, கூரிய நகங்கள், விரிந்த சிறகு. பாம்பா, பறவையா என்று நாங்கள் நகைத்தோம். அவர் சிறகையும் நகத்தையும் அழித்துவிட்டு, எஞ்சியிருப்பது ஒரு செனட் தொகுதியின் எல்லைக்கோடு என்றார். அதைச் சட்டமாக்கிய ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரியைப் பற்றி நகைச்சுவைக் கட்டுரை எழுதலாம் என்றுதான் நூலகத்திற்குச் சென்றேன். திரும்பும்போது நகைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

கெர்ரி 1744-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மார்பிள்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை கருவாடு ஏற்றுமதி செய்த வணிகர். ஹார்வர்டு கல்லூரியில் 1762-இல் பட்டம் பெற்ற மகனும் அத்தொழிலிலேயே இறங்கினார். விடுதலைப் போர் அவரை அரசியலுக்கு இழுத்தது. 1775 ஏப்ரலில் ஆங்கிலப் படை லெக்சிங்டனை நோக்கி இரவில் நடந்தபோது, வழியோர விடுதியில் தங்கியிருந்த அவர், உறக்க உடையோடு வயலில் ஒளிந்து உயிர் தப்பினார். மறு ஆண்டு விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட 56 பேரில் அவரும் ஒருவரானார்.

1787-இல் அரசியலமைப்பு மாநாடு கூடியது. கெர்ரி இறுதிநாள் வரை அமர்ந்து வாதாடினார். ஆனால் கையெழுத்திட மறுத்தார். இறுதிவரை இருந்தும் மறுத்தவர்கள் மூவரே. குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் சாசனம் அதில் இல்லை என்பது அவருடைய முக்கியக் குறைகளுள் ஒன்று. பின்னர் முதல் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். உரிமைச் சாசனமும் 1791-இல் நடைமுறைக்கு வந்தது.

கையெழுத்திட மறுத்துப் பெருமை பெற்ற அவரே, ஒரு கையெழுத்தால் பழியும் பெற்றார். பலமுறை தோற்றபின் 1810-இல் ஆளுநரானார். ஜனநாயகக் குடியரசுக் கட்சியினரான அவருக்கும் எதிரிகளான பெடரலிஸ்ட் கட்சியினருக்கும் பகை முற்றியிருந்த காலம் அது. 1812 பிப்ரவரியில் அவர் கட்சியின் பெரும்பான்மை, செனட் தொகுதிகளைப் புதிதாகப் பிரித்தது. மாவட்ட எல்லையை ஒட்டியே தொகுதி அமைப்பது அதுவரை இருந்த வழக்கம். இப்போது எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தை இரண்டாக வெட்டினார்கள். புதிய தொகுதி தெற்கே, அடுத்த மாவட்டத்து செல்சியில் தொடங்கியது. லின், சேலம், கெர்ரி பிறந்த மார்பிள்ஹெட் வழியாக வந்து, டான்வர்ஸ், ஆண்டோவர் என உள்நாட்டில் வளைந்தது. பிறகு மெரிமாக் ஆற்றைத் தாண்டி, ஹேவரில் வழியே சாலிஸ்பரியில் மீண்டும் கடலைத் தொட்டது. நடுவிலிருந்த ஊர்களைச் சுற்றி வளைத்த மாலை போன்றது அது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒன்பது வாக்காளரில் ஐவர் ஒரு கட்சி, நால்வர் மறு கட்சி என்று கொள்வோம். மும்மூன்று பேராக மூன்று தொகுதிகள். ஐவரில் மூவரை ஒரே தொகுதியில் அடைத்து, மற்ற இருவரைத் தொகுதிக்கு ஒருவராகப் பிரித்துவிட்டால், நால்வரின் கட்சி இரண்டு இடங்களை வெல்லும். ஒரு வாக்கும் திருடப்படவில்லை; ஆயினும் பெரும்பான்மை தோற்றது!

மார்ச் 26-இல் ‘பாஸ்டன் கெஜட்’ இதழ் அந்த வரைபடத்துக்குத் தலையும் சிறகும் நகமும் சேர்த்துக் கேலிப்படமாக வெளியிட்டது. பல்லி போன்ற சாலமாண்டர் என்னும் உயிரினத்தின் பெயரோடு ஆளுநரின் பெயர் ஒட்டிக்கொண்டு ‘ஜெர்ரிமாண்டர்’ பிறந்தது. அவர் பெயரின் முதல் ஒலியும் அதில் திரிந்துபோயிற்று. ஏப்ரல் தேர்தலில் செனட்டுக்குப் பெடரலிஸ்ட் கட்சி பெற்ற வாக்குகள் 51,766. எதிர்க்கட்சி பெற்றவை 50,164. கிடைத்த இடங்களோ முறையே 11, 29. ஆனால் ஆளுநர் பதவிக்கு மாநிலம் முழுவதுமே ஒரே தொகுதி. அங்கே வளைக்கக் கோடு இல்லை. கெர்ரி தோற்றார்.

1813-இல் துணைக் குடியரசுத் தலைவரான அவர், 1814 நவம்பர் 23-ஆம் நாள் செனட் சபைக்குச் செல்லும் வழியில் உயிர்நீத்தார். பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் வாஷிங்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டவர் அவர் ஒருவரே.

அந்தச் சட்டத்தை அவர் உள்ளூர விரும்பவில்லை என்று அவருடைய மருமகன் எழுதிய வரலாறு கூறுகிறது. இருக்கலாம். ஆனால் விரும்பாமல் இட்ட கையெழுத்தும் கையெழுத்தே. 1787-இல் மறுக்கத் தெரிந்த கை, 1812-இல் ஏன் மறுக்கவில்லை? அன்று எதிரே நின்றது மாநாடு. பின்னர் நின்றது சொந்தக் கட்சி என்பதே எனக்குத் தோன்றும் விடை.

சென்ற தேர்தலில் முதன்முறையாக விரலில் மை வைத்துக்கொண்டவன் நான். யாருக்கு வாக்களிப்பது என்று பல நாள் எண்ணினேன். என் தொகுதியின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. நம் நாட்டில் அப்பணி ஆளுங்கட்சியிடம் விடப்படாமல், சட்டத்தின்படி அமையும் எல்லை வரையறை ஆணையத்திடம் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் அருமையை, கெர்ரியின் வாழ்க்கையைப் படித்த பின்புதான் நான் உணர்ந்தேன். தோழர்களே, வாக்குச்சீட்டைப் போலவே வரைபடத்தையும் நாம் படிக்கக் கற்போம்.