போர்க்கடனுக்குத் தனியொருவராய் ‘இல்லை’ என்றவர்

1914 டிசம்பர் 2ஆம் திகதி, ஜேர்மன் பாராளுமன்றத்தில் 500 கோடி மார்க் போர்க்கடனுக்கு இரண்டாவது தடவையாக அனுமதி கோரப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர் ஒரேயொருவர். அவர் கார்ல் லீப்னெக்ட்.

லைப்சிக்கில் 1871இல் பிறந்த இந்தச் சட்டத்தரணி, 1912இல் சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் சென்றவர். ஒகஸ்டில் முதலாவது கடன் வந்தபோது கட்சிக் கட்டுப்பாட்டுக்காக அவரும் ஆதரித்தே வாக்களித்தார். அது அவர் வாழ்வில் மறைக்க முடியாத கறைதான். டிசம்பரில் எதிர்த்ததற்கான காரணங்களை எழுதிக் கொடுத்தார். சபாநாயகர் அதைப் பதிவேட்டில் சேர்க்க மறுத்தார். பின்னர் அது துண்டுப்பிரசுரமாக இரகசியமாகக் கைமாறியது.

1915இல், 43 வயதில், பாராளுமன்ற உறுப்பினர் என்றும் பாராமல் அவரைப் படையில் சேர்த்தார்கள். சபை கூடும் நாட்களில் மட்டுமே அரசியல் பேசலாம். 1916 ஏப்ரலில் போர்க்கடன் திரட்டப்படும் விதத்தைச் சபையில் கேள்விக்குட்படுத்தினார். கூச்சல் எழுந்தது. கையிலிருந்த குறிப்புகளை உறுப்பினர் ஒருவர் பறித்தெடுத்தார். போர்க்காலத்தில் கணக்குக் கேட்பவர் துரோகியாவது நமக்கும் புதிதல்ல. மே முதலாம் திகதி பேர்லினில் போருக்கு எதிராகக் குரலெழுப்பியதற்காகக் கைதானார். இறுதித் தண்டனை 4 ஆண்டும் 1 மாதமும்.

1918 ஒக்டோபரில் விடுதலையானார். 1919 ஜனவரி 15ஆம் திகதி படை அதிகாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

போருக்கு முன் சுமார் 500 கோடி மார்க்காக இருந்த அரசின் கடன், போர் முடிந்தபோது 15,000 கோடியைத் தாண்டியிருந்தது. வரியை உயர்த்தத் தயங்கிய அரசு, 9 தடவைகள் கடன் பத்திரங்களை மக்களிடம் விற்றது. சேமிப்பையெல்லாம் அதில் போட்ட குடும்பங்கள், 1923 நவம்பரில் ஒரு டொலர் 4.2 இலட்சம் கோடி மார்க்கைத் தொட்டபோது வெறும் காகிதத்தோடு நின்றன.