கோவை கரும்பு வயலில் இருந்து இங்கிலாந்து மலர்த் தோட்டத்துக்கு: யார் இந்த ஜானகி அம்மாள்?

லண்டனுக்கு வெளியே விஸ்லி என்ற இடத்தில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் பெரிய தோட்டம் இருக்கிறது. அங்கே பனிக்காலம் முடிந்ததும் இலையே இல்லாத கிளைகளில் வெள்ளை வெளேர்னு பூக்கும் ஒரு மக்னோலியா ரகத்தின் பெயர் ‘ஜானகி அம்மாள்’. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் 5 ஆண்டுகள் நம்ம கோவையில் வேலை பார்த்தவர்.

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். அப்பா நீதித்துறை அதிகாரி. செடிகள், பறவைகள் என்றால் அவருக்கு உயிர். சென்னை ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, அப்புறம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1931-ல் டாக்டர் பட்டம். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தபோது படிப்பைத் தேர்ந்தெடுத்தவர், கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். ஏன் கோவை? கரும்பு இங்கே நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும். ஒட்டு ரகம் உருவாக்க அதுதான் முதல் தேவை. இனிப்பான தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம். ஆற்றோரத்தில் நாணல் மாதிரி வளரும் காட்டுக்கரும்புக்கு இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். அந்தக் காட்டுக்கரும்புதான் வறட்சி, நோயைத் தாங்கும் வலுவைக் கொடுக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் இந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் ஜானகி அம்மாளின் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்.

ஆனால், திருமணமாகாத பெண், அதிலும் தீயர் சமூகத்துக்காரர் என்பதால் சக ஊழியர்கள் மத்தியில் அவருக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1939-ல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், உலகப் போர் வெடித்ததால் அங்கேயே தங்கிவிட்டார். லண்டனில் ஜான் இன்ஸ் நிறுவனத்தில் வேலை. 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். பிறகு விஸ்லி.

அங்கே அவர் கையில் எடுத்தது கோல்ச்சிசின் என்ற நஞ்சு. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். அந்த நேரத்தில் கோல்ச்சிசின் பட்டால், இரட்டிப்பான குரோமோசோம்கள் பாகம் பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். மக்னோலியா நாற்றின் வளரும் நுனியில் இதைச் செலுத்தினார் ஜானகி அம்மாள். 38 குரோமோசோம் 76 ஆனது. இலை தடித்தது, பூவிதழ் அகலமானது. ஆண்டுதோறும் பனியைத் தாங்கி நின்று பூக்க வேண்டிய தோட்டச் செடிக்கு இது பெரிய வரம். விதை போட்டு ஒரே சீசனில் முடிந்துபோகும் செடி இல்லை இது. ஒருமுறை நட்டால் தலைமுறைக்கும் நிற்கும்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கோல்ச்சிசின் என்ற பெயர் ஐரோப்பியக் கிழங்குச் செடி ஒன்றில் இருந்து வந்தது. அதே பொருள் நம்ம மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் கேட்டால் ‘கண்வலிக்கிழங்கு’ என்பார்கள். கொடி காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருந்து அடுத்த பருவத்தில் மறுபடி முளைக்கும். விதைக்காகவே அங்கே அதைப் பயிரிடுகிறார்கள். கீல்வாத மருந்துக்குப் போகிறது. அழகாக இருக்கிறதே என்று வீட்டில் வளர்ப்பவர்கள், செடி முழுக்க விஷம் என்பதை மறக்க வேண்டாம்.

1951-ல் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பிய ஜானகி அம்மாள், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-ல் பத்மஸ்ரீ. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தபோது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சென்னை மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்களத்தில் கடைசி வரை செடிகளோடுதான் இருந்தார். 1984 பிப்ரவரி 7-ல், 86 வயதில் அங்கேயே காலமானார். பின்னாளில் கொடைக்கானல் ரோஜா வளர்ப்பாளர்களான வீரராகவன் தம்பதி, தாங்கள் உருவாக்கிய புது ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.