காரைக்காலம்மையாரும் இல்லறமும்

சிவஞானப் பேறு துறவோர்க்கே உரியதென்றும், இல்லறம் அதற்கு இடையூறென்றும் கருதுவார் உளர். காரைக்காலம்மையார் ஊனுடல் நீத்துப் பேயுருக் கொண்டமையை அவர் தங்கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவர். சேக்கிழார் சுவாமிகள் அருளிய முறையே அம்மையார் வரலாற்றை நோக்குவார்க்கு அக்கூற்றுப் பொருந்தாமை இனிது விளங்கும்.

1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 வரை புதுச்சேரி நகரிலிருந்து அவர்களால் ஆளப்பெற்ற காரைக்கால், பண்டு வணிகர் குடி மல்கிய கடற்றுறையாகும். அங்கே வணிகர் தலைவராகிய தனதத்தனார்க்கு ஒரே மகளாய்த் தோன்றியவர் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தனாகிய பரமதத்தனுக்கு அவரை மணஞ்செய்வித்த தந்தையார், மகளைப் பிரிய மனமிலராய்க் காரைக்காலிலேயே மனையமைத்துக் கொடுத்தார். அம்மனையே அம்மையார்க்குத் தவச்சாலை ஆயிற்று. வந்த அடியார்க்கு அமுதும் ஆடையும் பொன்னும் தகுதியறிந்து அளித்தலே அவர் நாடோறும் இயற்றிய வழிபாடாம்.

கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றை, கறியமுது ஆகாத வேளையில் பசித்து வந்த அடியார்க்குச் சோற்றோடு படைத்தார். பின்னர் உணவுண்ட கணவன் எஞ்சிய கனியின் சுவையிலீடுபட்டு மற்றதனையும் வேண்டினான். அம்மையார் உள்ளே சென்று இறைவனை நினைந்து தளர, அவர் கையில் ஒரு கனி வந்து தங்கியது. அதன் சுவை வேறாதல் கண்ட கணவன், அது வந்தவாறு யாதென வினவினான்.

ஈண்டு ஆராயற்பாலது ஒன்றுண்டு. இறைவன் திருவருளைப் புறத்தார்க்கு வெளியிடுதல் தகாது. கணவனிடத்து மெய்ம்மை மறைத்தல் கற்புநெறிக்கு ஒவ்வாது. இவ்விரண்டற்கும் இடைப்பட்டு நடுங்கிய அம்மையார், மெய்யுரைத்தலையே துணிந்தார். இல்லறக் கடமையைத் தள்ளாது நின்ற அத்துணிவிற்கு இறைவன் துணைநின்றமை, கணவன் வேண்டியவாறே மீண்டும் ஒரு கனி வந்து, அவன் கையிற் சேர்ந்த அளவில் மறைந்தமையால் அறியப்படும்.

அஞ்சிய பரமதத்தன் அவரைத் தெய்வமெனக் கருதி, வாணிபம் என்னும் பெயரால் மரக்கலமேறிச் சென்று, பாண்டிநாட்டுக் கடற்பட்டினம் ஒன்றில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகட்கு அம்மையார் பெயரையே இட்டான். செய்தியறிந்த சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையேற்றி அங்குக் கொண்டுசென்றபோது, அவன் மனைவியோடும் மகவோடும் அவர் திருவடியில் வீழ்ந்தான். கணவன் பொருட்டுத் தாங்கிய உடல் இனி வேண்டா என அம்மையார் பேயுருப் பெற்றது இதன் பின்னரே. எனவே, அவர் இல்லறத்தை வெறுத்து நீத்தாரல்லர். இல்லறக் கடமை தானே முற்றி ஒழிந்தது. முதிர்ந்த கனி காம்பை விடுதல் போல்வது அது.

பின்னர்க் கயிலைக்குத் தலையால் நடந்து சென்று, இறைவனால் அம்மையே என அழைக்கப்பெற்று, திருவாலங்காட்டில் ஆடல் கண்டு திருவடிக்கீழ் அமர்ந்தார். அவர் அருளிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும், திருவிரட்டை மணிமாலையும், அற்புதத் திருவந்தாதியும் பதினோராந் திருமுறையில் திகழ்கின்றன.

அறுபத்துமூவருள் மகளிர் மூவர். பாண்டிமாதேவியாகிய மங்கையர்க்கரசியாரும், சுந்தரமூர்த்தி நாயனாரை ஈன்ற இசைஞானியாரும் அம்மையாரைப் போலவே மனைவாழ்க்கையிற் புக்கவர்கள். பிணிப்பது மனையன்று, யான் எனதென்னும் பற்றே என்பது இவர் வாழ்வால் துணியப்படும். ஆனித் திங்கள் நிறைமதி நாளையொட்டிக் காரைக்காலில் ஆண்டுதோறும் நிகழும் மாங்கனித் திருவிழாவிலும், ஊரார் விரும்பிப் போற்றுவது பேயுருவை அன்று. அடியார்க்கு அமுதளித்த அவ்வொரு பகற்பொழுதின் மனையறத்தையேயாம். அடுக்களையிற் செய்யும் தொண்டும் அன்பொடு கூடின் அருளுக்கு வாயிலாகும் என்பதை அன்பர்கள் கடைப்பிடிப்பார்களாக.