கொடுமுடியிலிருந்து ஒரு குரல்

நுழையும்முன்

மேடை நாடகம் விடிந்தால் முடிந்துவிடும். திரைப்படமோ என்றும் இருக்கும் என்று எண்ணுகிறோம். ஆயினும், தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் பல இன்று நம்மிடம் இல்லை. மேடையில் பிறந்து, இசைத்தட்டில் பரவி, திரையில் நிலைபெற்ற ஓர் இசைக்கலைஞரின் வாழ்க்கை வழியே, பழைய படங்களை மீண்டும் காண்பதன் பொருளை உணர்த்துகிறது இப்பாடம்.

காவிரியும் பழனியும்

பழனிக்கு மேற்கே அமைந்துள்ள ஊர் நெய்க்காரப்பட்டி. கரும்பு வயல்களும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளும் நிறைந்த வட்டாரம் அது. பங்குனி உத்திரக் காலத்தில் கொங்கு நாட்டு அடியவர்கள் கொடுமுடிக் காவிரியில் நீர் முகந்து, தீர்த்தக் காவடி சுமந்து பழனிக்கு நடப்பர். காவிரி நீர் மட்டுமா கொடுமுடியிலிருந்து பழனிக்கு வந்தது? ஒரு குரலும் வந்தது. திருவிழாக் காலத்தில் இவ்வட்டாரத்து ஒலிபெருக்கிகளில் முருகன் பாடல்கள் முழங்கும்போது, அவற்றினிடையே ஒரு பெண்குரல் தனித்துக் கேட்கும். அதில் குழைவு குறைவு, கம்பீரம் மிகுதி. மேல்தாயியில் சிறிதும் தளராது நிற்கும் அக்குரலுக்கு உரியவர் கே.பி. சுந்தராம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதே அப்பெயரின் விரிவு.

1965ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில், கனி கிடைக்காத சினத்தில் மலையேறி நிற்கும் முருகனைத் தேடிவரும் ஔவையாக அவர் தோன்றுவார். முதியவள் ஒருத்தி கோல் ஊன்றி வந்து, சினந்த பிள்ளையைத் தணிக்கும் அக்காட்சியை இன்றும் தொலைக்காட்சியில் காண்கிறோம். அதனைக் காணும் இளையோர்க்கு அவர் ஒரு மூதாட்டியாகவே அறிமுகமாகிறார். ஆனால், அந்த முதுமைக் கோலத்திற்குப் பின்னே ஒரு சிறுமியின் வறுமையும், ஓர் இளம்பெண்ணின் இழப்பும், ஒரு கலைஞரின் உறுதியும் மறைந்துள்ளன.

இளமையும் மேடையும்

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொடுமுடியில் பிறந்தார். இளமையிலேயே வறுமை அக்குடும்பத்தைச் சூழ்ந்தது. தாய் பாலாம்பாளின் அரவணைப்பில் வளர்ந்த அவருக்கு இசையே செல்வமாக வாய்த்தது. இரயிலில் பாடிப் பொருள் பெற்ற சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தோர் அவரை நாடகத்துறைக்கு அறிமுகப்படுத்தினர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சிறுவர் வேடங்களில் தொடங்கிய அவர், விரைவிலேயே பாட்டுக்காகக் கூட்டம் சேர்க்கும் நடிகையாக உயர்ந்தார்.

அக்காலத் தமிழ் நாடகம் இசையையே உயிராகக் கொண்டது. நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடைபெறும். ஒலிபெருக்கி பரவாத காலமாதலால், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்குமாறு நடிகர் தம் குரலை எட்டச் செய்யவேண்டும். அவையோர் விரும்பினால் ஒரே பாடலை மீண்டும் மீண்டும் பாடவேண்டும். அந்தக் கடும் பயிற்சியில் உருவானதே சுந்தராம்பாளின் குரல். பின்னாளில் ஒலிவாங்கியின் முன் நின்றபோதும் அக்குரல் கடைசி வரிசையை மறக்கவில்லை.

இசையால் இணைந்தோர்

செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா அக்காலத்தில் தமிழ் மேடையின் ஈடிணையற்ற பாடகராக விளங்கினார். நாடகம் நடத்த இலங்கைக்குச் சென்றிருந்தபோது அவரும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் தோன்றினர். இருவருமே உச்சத்தில் பாட வல்லவர்கள். ஒருவர் பாட்டை மற்றவர் பாட்டு மேலும் உயர்த்தியது. முருகனும் வள்ளியுமாக அவர்கள் நடித்த 'வள்ளி திருமணம்' ஊர்தோறும் மக்களை ஈர்த்தது. 1927ஆம் ஆண்டு அவ்விருவரும் வாழ்விலும் இணைந்தனர்.

கிட்டப்பா முன்னரே மணமானவர். எனவே, அவ்வாழ்க்கையில் மகிழ்ச்சியோடு பிணக்கும் பிரிவும் கலந்திருந்தன. கிட்டப்பாவுக்குச் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் சில இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மேடையில் ஆயிரம்பேரை ஆட்கொண்ட ஒருவர், தனிமையில் எத்துணை வருத்தத்தைச் சுமந்தார் என்பதை அவை காட்டுகின்றன.

1933ஆம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவர் முப்பது வயதைக்கூட எட்டவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து.

வெள்ளாடையும் உறுதியும்

கணவரை இழந்த பெண் மூலையில் ஒதுங்கவேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த காலம் அது. சுந்தராம்பாளும் வண்ண ஆடைகளையும் அணிகலன்களையும் துறந்தார். வெள்ளாடையும் திருநீறுமே அவர் கோலமாயின. ஆடவருக்கு இணையாகக் காதல் வேடங்களில் நடிப்பதில்லை என்றும் உறுதிபூண்டார். இளம் நடிகை ஒருவருக்கு அம்முடிவு தொழிலையே முடித்துவிடக்கூடியது. ஏனெனில், அக்கால நாடகங்களில் பெண்களுக்குரிய தலைமை வேடங்கள் பெரும்பாலும் காதல் வேடங்களே.

அவர் மூலையில் ஒதுங்கவில்லை. நாட்டு விடுதலைக் கூட்டங்களில் பாடினார். தேசத்தலைவர் சத்தியமூர்த்தி அவரை ஊக்குவித்தார். பேச்சாளர் வருவதற்கு முன்பே மைதானத்தை நிறைக்கும் ஆற்றல் அவருடைய பாட்டுக்கு இருந்தது.

திரையில் முதலடி

தமிழ்த்திரை பேசத் தொடங்கியது 1931இல். மேடையில் புகழ்பெற்றவர்களைப் படத்தயாரிப்பாளர்கள் தேடி அலைந்தனர். 'நந்தனார்' கதையைப் படமாக்க முன்வந்தோர் சுந்தராம்பாளை அணுகினர். அவருக்குத் தரப்பட்ட வேடம் நந்தனார். பெண் ஆண்வேடம் ஏற்பது மேடைக்குப் புதிதன்று. அவர் பூண்ட உறுதிக்கும் அவ்வேடம் இடையூறாகவில்லை. அப்படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அந்நாளில் எவரும் எண்ணிப் பாராத தொகை அது.

1935இல் வெளிவந்த அப்படத்தில் வேதியராக நடித்தவர் கர்நாடக இசைமேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த அடியவரின் பெருமையை நிலவுடைமையாளரான வேதியர் உணரும் கதை அது. அக்கதையில் மேடைப் பாடகி ஒருவர் அடியவராகவும், சங்கீத வித்துவான் ஒருவர் வேதியராகவும் எதிரெதிரே நின்றனர். கோயில் நுழைவு உரிமைக்காக நாடெங்கும் குரல் எழுந்த காலத்தில் இது வெறும் பக்திக்கதையாக இருந்திருக்க இயலாது.

அதன்பின் 1940இல் 'மணிமேகலை' வெளிவந்தது. துறவு பூண்ட காப்பியத்தலைவியின் வேடம், துறவுக் கோலத்தில் வாழ்ந்த அவருக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

ஔவையாகிய அம்மையார்

ஜெமினி நிறுவனத்தின் எஸ்.எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' 1953இல் வெளிவந்தது. ஔவையின் குழந்தைப் பருவத்தையும் கன்னிப் பருவத்தையும் வேறு நடிகையர் ஏற்க, முதுமைப் பருவத்தைச் சுந்தராம்பாள் ஏற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துகூட நிறையவில்லை. யானைக்கூட்டம் கோட்டையைத் தகர்த்து நுழையும் பெருங்காட்சி அப்படத்தின் புகழ்பெற்ற பகுதி. ஆயினும், படம் முடிந்தபின் மனத்தில் நிற்பது யானைகளல்ல. வெண்ணிற ஆடையில், கையில் கோலுடன் ஊர் ஊராக நடந்து, அரசரிடமும் எளியோரிடமும் ஒரே குரலில் பேசும் மூதாட்டியே.

ஔவை என்றால் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் எது? பாடநூல்களில் பல தலைமுறை கற்ற ஔவைக்கு ஒரு முகத்தையும் குரலையும் தந்தவர் சுந்தராம்பாள். நூலில் படித்த புலவர், திரை வழியாக எழுத்தறியாதோர் வீட்டிற்கும் உறவினராயினார்.

அதற்கு முன்பே, 1951இல் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞர்களுள் முதன்முதலில் சட்டமன்றத்துள் நுழைந்தவர் என்று அவரைக் குறிப்பிடுவர். இரயிலில் பாடிய சிறுமி சட்டமியற்றும் அவையில் அமர்ந்தது, அந்த நூற்றாண்டில் தமிழ்ச் சமூகம் கடந்துவந்த தொலைவுக்கு ஒரு சான்று.

முதுமையில் மீண்டும் ஒரு வசந்தம்

'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும், 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' படங்களில் ஔவையாகவும், 1973இல் வெளிவந்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் அம்மையாராகவும் அவர் நடித்தார். இவ்வேடங்கள் எல்லாவற்றிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இவர்கள் யாரையும் சார்ந்து நில்லாத பெண்கள். தம் சொல்லாலேயே பிறரை நடத்துபவர்கள். காதல் வேடங்களை மறுத்ததால் அவர் இழந்தது ஒருவகை வாய்ப்பு. அதனால் தமிழ்த்திரை பெற்றது வேறொரு வகைப் பெண்மையின் உருவம்.

'துணைவன்' படத்தில் பாடியதற்காக, 1969ஆம் ஆண்டுக்குரிய சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் ஊரான கொடுமுடியில் திரையரங்கு ஒன்றையும் நிறுவினார். 1980ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் எழுபத்தோராம் வயதில் மறைந்தார்.

எஞ்சியவையும் இழந்தவையும்

இவ்வாழ்க்கை வரலாற்றில் நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில், ஒரே அளவு புகழுடன் பாடியவர்கள். ஆனால், கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் பாட்டில் ஒரு சிறு பகுதியை இசைத்தட்டுகள் காத்துத் தந்தன. மேடையில் அவர் நின்ற நிலையை, நடந்த நடையை, அவையோரை நோக்கிய பார்வையை இனி எவரும் காண இயலாது. சுந்தராம்பாளையோ நாம் காண்கிறோம். இருவருக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு திறமையால் ஏற்பட்டதன்று; படச்சுருள் ஒன்றினால் ஏற்பட்டது.

படச்சுருளும் தானாக நிலைப்பதில்லை. தொடக்ககாலப் படச்சுருள்கள் நைட்ரேட் கலந்த பொருளால் ஆனவை; எளிதில் தீப்பற்றுபவை; வெப்பமும் ஈரமும் பட்டால் சிதைபவை. அவற்றில் படிந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பழைய சுருள்களை எடைக்குப் போட்டதும் உண்டு. ஓடி முடிந்த படத்தை மீண்டும் எவர் காணப்போகிறார் என்ற எண்ணமே பேரிழப்புக்குக் காரணம். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதியேனும் இல்லாமல் மறைந்துவிட்டது. 1930களின் படங்களுள் பெரும்பாலானவற்றின் நிலையும் அதுவே. திரைப்படங்களைப் பேணுவதற்கென்று புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது.

எஞ்சியவற்றை நம்மிடம் மீண்டும் கொண்டுவந்தது தொலைக்காட்சி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1980களில் கொடைக்கானல் மலையில் எழுந்த ஒளிபரப்புக் கோபுரத்தால், அம்மலையடிவாரத்து நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களும் அதன் எல்லைக்குள் வந்தன. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையில் ஊரே கூடியிருக்கும். டூரிங் கொட்டகையின் மணல்தரையில் அமர்ந்து 'ஔவையார்' கண்ட பாட்டி, அதே படத்தைப் பேரப்பிள்ளைகளுடன் மீண்டும் காண்பார். அடுத்த காட்சி என்ன என்று அவரே முன்கூட்டிச் சொல்வார். அவருக்கு அது தம் இளமையைக் காண்பது. பிள்ளைகளுக்கோ பாட்டியின் இளமையை முதன்முறையாகக் காண்பது.

இன்று அப்படங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றின் நடை நமக்கு மெதுவாகத் தோன்றலாம்; பாடல்கள் நீளமாகப் படலாம். விடியவிடிய நடந்த நாடகத்தைக் கண்டு பழகிய மக்களுக்காக எடுக்கப்பட்டவை அவை என்பதை நினைவிற்கொண்டால், அந்த மெதுநடையே அக்காலத்தின் மூச்சு என்பது விளங்கும். சுந்தராம்பாள் பாடத் தொடங்கும்போது சற்றே கூர்ந்து கேளுங்கள். ஒலிவாங்கி அவர் அருகில்தான் இருக்கும். அவரோ மைதானத்தின் கடைக்கோடியில், இருளில் அமர்ந்திருக்கும் ஒருவருக்காகப் பாடிக்கொண்டிருப்பார். அந்தக் கடைக்கோடியில் இன்று அமர்ந்திருப்பவர்கள் நாமே.

தெரிந்து தெளிவோம்

ஸ்பெஷல் நாடகம்: ஒரே குழுவைச் சேராத நடிகர்களைப் பல ஊர்களிலிருந்து வரவழைத்து, ஓர் இரவு நிகழ்த்தப்பெறும் நாடகம். ஒத்திகையின்றியே பாட்டாலும் உரையாடலாலும் ஒருவரையொருவர் எதிர்கொள்வது நடிகர்களின் திறன். 'வள்ளி திருமணம்' இவ்வகையில் மிகுதியாக நடிக்கப்பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்து முதியோர் இளமையில் கண்ட திரைப்படம் ஒன்றை அவர்களுடன் சேர்ந்து கண்டு, அவர்கள் பகிர்ந்த நினைவுகளைத் தொகுத்து எழுதுக.

2. உங்கள் ஊரில் இருந்த டூரிங் கொட்டகை அல்லது பழைய திரையரங்கு குறித்த செய்திகளைத் திரட்டி வகுப்பில் உரையாற்றுக.

3. பழந்திரைப்படங்களைப் பாதுகாக்க வேண்டியதன் தேவையை விளக்கிக் கட்டுரை வரைக.