கேப்டன் பதவி கிட்டாத பல்வங்கர் பாலூ

மும்பை: பெர்லின் ஒலிம்பிக்கில் (1936) யூத வீராங்கனை கிரெட்டல் பெர்க்மனுக்கு ஜெர்மனி இடம் மறுத்ததை உலகம் அறியும். அதற்கு வெகு முன்னரே புணே, மும்பை கிரிக்கெட் திடல்களில் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் பல்வங்கர் பாலூ.

தார்வாடில் 1876-ல் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த பாலூ, புணேயில் ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளப் பராமரிப்பு ஊழியராக இருந்தார். கிரெய்க் என்ற ஆங்கிலேயருக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே இடது கை சுழற்பந்தில் தேர்ந்தார். புணே இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக் கொண்டது, வெற்றி வேண்டுமே! ஆனால், தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே மண் குவளை. உணவும் தனியேதான். அவர் தொட்ட பந்தைத் தொடுவதற்கு மட்டும் யாரும் தயங்கவில்லை.

பின்னர் மும்பைக்கு வந்தார். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 100-க்கும் அதிகமான விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1920-ல் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பியர் சிவராமும் விட்டலும் எதிர்ப்புத் தெரிவித்து விலகினர். பிறகு பாலூ துணை கேப்டன் ஆக்கப்பட்டார். விட்டல் 1923-ல் கேப்டனானார்.

1932 புணே ஒப்பந்தத்துக்கு அம்பேத்கரை இணங்கச் செய்ய எம்.சி. ராஜாவுடன் சேர்ந்து பாலூ முயன்றார். 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராகவே காங்கிரஸ் அவரை நிறுத்தியது. பாலூவின் ஆட்டத்தை ஒருகாலத்தில் போற்றியவர் அம்பேத்கர். தேர்தலில் தோற்ற பாலூ, 1955-ல் மும்பையில் காலமானார்.